நச்சுமண்டை: 'அட்டர்காப்' என்ற பழைய சொல்லின் கதை

நீங்கள் கேட்டதைச் சுருக்கிச் சொல்லிக்கொண்டு தொடங்குகிறேன். மகளுக்கு டோல்கீன் எழுதிய 'தி ஹாபிட்' கதையைப் படித்துக் காட்டிக்கொண்டிருந்தீர்கள். காட்டுக்குள் கதாநாயகன் பில்போ ராட்சதச் சிலந்திகளைப் பார்த்து 'அட்டர்காப்! அட்டர்காப்!' என்று பாடிச் சீண்டும் இடம் வந்தது. கையிலிருந்த அகராதியில் 'சிலந்தி, பழைய வழக்கு' என்பதோடு சரி. இது 'ஆடர்' என்ற பாம்பின் பெயரோடு உறவுடையதா, சிலந்தியைச் சிலந்தி என்று கூப்பிட்டால் அதற்கு ஏன் அவ்வளவு கோபம் வருகிறது, தமிழில் மகளுக்கு எப்படிச் சொல்வது என்று மூன்று கேள்விகள். மூன்றும் நல்ல கேள்விகள். மூன்றாவதற்கான விடை முதல் இரண்டுக்குள்தான் இருக்கிறது. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் நேரான பதில். இந்தச் சொல் பழைய ஆங்கிலத்தில், அதாவது சுமார் 1100-க்கு முந்தைய ஆங்கிலத்தில், 'ஆட்டொர்கொப்பெ' என்று இருந்தது. 'ஆட்டொர்' என்றால் நஞ்சு. 'கொப்பெ' என்பது தலையாக இருக்கலாம், கிண்ணமாகவும் இருக்கலாம். நஞ்சு நிறைந்த தலையை உடையது, அல்லது நஞ்சு நிறைந்த கிண்ணம் போன்றது. பாம்புப் பெயரான 'ஆடர்' இதற்கு எந்த வகையிலும் சொந்தம் இல்லை. டேனிஷ் மொழியில் இன்றும் சிலந்திக்கு 'எடர்காப்' என்றுதான் பெயர், நார்வேயிலும் அதேதான். ஆங்கிலத்தில் வழக்கிழந்த சொல், கடலுக்கு அந்தப் பக்கம் குழந்தைகள் வாயில் அன்றாடம் புழங்குகிறது.

முதல் பாதியில் சிக்கல் இல்லை. ஆங்கிலம், ஜெர்மன், டேனிஷ் போன்ற ஜெர்மானிய மொழிகள் பலவற்றிலும் இந்த 'ஆட்டொர்' இருக்கிறது. ஸ்காண்டிநேவியாவின் பழைய மொழியான நோர்ஸில் 'எய்ட்ர்', நஞ்சு. டேனிஷில் 'எடர்', அதுவும் நஞ்சுதான். ஜெர்மனுக்கு வந்தால் அதே சொல் 'ஐட்டர்'. ஆனால் பொருள் மாறிவிட்டது, அங்கே அது சீழ். டச்சு மொழியிலும் 'எட்டர்' என்றால் சீழ். ஓசை மாறிய விதத்தில் ஒரு ஒழுங்கு இருப்பதைப் பாருங்கள். ஆங்கிலத்தின் 'ஸ்டோன்' ஜெர்மனில் 'ஸ்டைன்'. பழைய ஆங்கிலத்தில் அது 'ஸ்டான்' என்று ஆகார ஓசையோடு இருந்தது. பழைய ஆங்கிலத்தின் ஆகாரம் இருக்கும் இடத்தில் ஜெர்மன் 'ஐ' வைக்கிறது; 'ஆட்டொர்' என்பதும் 'ஐட்டர்' என்பதும் அதே கணக்கு. இன்னொன்றையும் கவனிக்கலாம். ஆங்கிலத்தின் 'வாட்டர்' ஜெர்மனில் 'வாஸர்' ஆகிறது, டகரம் ஸகரமாகிறது. ஆனால் 'ஐட்டர்' அப்படி 'ஐஸர்' ஆகவில்லை. பழங்காலத்தில் டகரத்தை ஒட்டியே ரகரம் நின்ற சொற்களில் அந்த மாற்றம் நடக்கவில்லை என்பதுதான் காரணம். 'பிட்டர்' என்ற சொல் இரண்டு மொழியிலும் 'பிட்டர்' என்றே இருப்பதும் அதனால்தான். சொற்பிறப்பு ஆராய்ச்சியில் எனக்குப் பிடித்த பகுதி இதுதான். ஓசை மாறும் வழி முன்பே தெரிந்திருப்பதால், வெறும் ஒலி ஒற்றுமையை நம்ப வேண்டிய தேவை இல்லை.

நஞ்சு எப்படிச் சீழ் ஆனது? அல்லது சீழ்தான் நஞ்சு ஆனதா? பெரும்பாலான அறிஞர்கள் இந்தச் சொல்லுக்கு அடியில் 'வீங்கு' என்று பொருள்படும் ஒரு இந்தோ-ஐரோப்பிய வேரைக் காண்கிறார்கள். கிரேக்கத்தில் அதே வேர் 'ஒய்டோஸ்', வீக்கம். மருத்துவமனையில் கால் வீங்கியவரைப் பார்த்து டாக்டர் 'எடிமா' என்கிறாரே, அது இந்தக் கிரேக்கச் சொல்லின் வழி வந்தது. பிறந்தவுடன் காலைக் குத்திக் கட்டிப் போட்டதால் பாதம் வீங்கிப்போன ஈடிபஸ் மன்னனின் பெயரிலும் இதே வேர்தான். 'வீங்கிய பாதன்' என்பது அந்தப் பெயரின் பொருள். ஆக, கடித்த இடம் வீங்குகிறது. வீங்கியது பழுத்துச் சீழ் பிடிக்கிறது. வீங்க வைத்தது நஞ்சு. ஒரே வேரிலிருந்து ஒரு மொழி வீக்கத்தையும், ஒரு மொழி சீழையும், ஒரு மொழி நஞ்சையும் எடுத்துக்கொண்டது.

இது வெறும் ஊகம் அல்ல என்று எனக்குத் தோன்றச் செய்தது பழைய ஆங்கிலத்தில் பாடப்பட்ட பேயோவுல்ஃப் காவியத்தின் ஓர் இடம். கிழவனாகிவிட்ட அரசன் கடைசியில் ஒரு நச்சுப் பாம்புருவோடு, அதாவது டிராகனோடு, போர் செய்கிறான். அது அவன் கழுத்தைக் கவ்விவிடுகிறது. பிறகு அந்தக் காயம் 'ஸ்வெலன் ஒண்ட் ஸ்வெல்லன்' செய்தது என்கிறார் கவிஞர்: எரிந்து வீங்கத் தொடங்கியது. அடுத்து வரும் வரிகளில், நெஞ்சுக்குள் 'ஆட்டொர்' பொங்கியது என்கிறார். எரிவு, வீக்கம், நஞ்சு மூன்றும் நான்கைந்து வரிகளுக்குள். கவிஞருக்கு வேர்ச்சொல் ஆராய்ச்சி தெரியாது. ஆனால் அந்த மக்களுக்கு நஞ்சு என்பது கண்ணுக்குத் தெரியாத ஒரு இரசாயனம் அல்ல, உடம்பில் வீங்கித் தெரிவது என்பது அங்கே விளங்குகிறது.

நமக்கும் இது புதிதில்லை. தமிழில் 'சிலந்தி' என்ற சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு என்பதை இப்போது பலர் மறந்துவிட்டோம். ஒன்று பூச்சி, இன்னொன்று புண் அல்லது கட்டி. 'சிலந்திக்கட்டி' என்பார்கள். காலில் கொப்புளம் போல் எழும்பி, அதிலிருந்து நூல் போன்ற புழு வெளிவரும் கினிப்புழு நோய்க்கு 'நரம்புச்சிலந்தி' என்பது தமிழ்ப் பெயர். அங்கே எட்டுக்கால் பூச்சி எதுவும் இல்லை, புண்தான் சிலந்தி. சமஸ்கிருதத்தில் 'லூதா' என்பதும் அப்படியே, சிலந்திக்கும் ஒரு தோல்நோய்க்கும் பொதுப் பெயர். பழைய ஆயுர்வேத நூலான சுஸ்ருத சம்ஹிதையின் நஞ்சு பற்றிய பகுதியில் லூதாவின் கடியைப் பற்றி விரிவாகவே சொல்லியிருக்கிறார்கள். இந்த மொழிகள் ஒன்றிடமிருந்து ஒன்று இதைக் கடன் வாங்கியிருக்க வேண்டும் என்பதில்லை. காலையில் எழுந்தால் தோலில் ஒரு தடிப்பு, இரவில் சுவரில் பார்த்தது ஒரு சிலந்தி. எல்லா ஊரிலும் மனிதர்கள் இரண்டையும் முடிச்சுப் போட்டிருக்கிறார்கள்.

இனி 'கொப்பெ'. இங்கேதான் அறிஞர்களிடையே இரண்டு கட்சி.

பழைய ஆங்கிலத்தில் 'கொப்' என்றால் உச்சி. குன்றின் தலை, எதன் மேல்முனையும் 'கொப்'. இங்கிலாந்தில் செஷயருக்கும் ஸ்டஃபோர்ட்ஷயருக்கும் எல்லையில் 'மௌ காப்' என்று ஒரு குன்று இருக்கிறது, அந்தக் 'காப்' இதுதான். இதன்படி சிலந்தி 'நஞ்சுத் தலை'. இன்னொரு கட்சி, இது கிண்ணம் என்று பொருள்படும் 'கப்' குடும்பத்தைச் சேர்ந்தது என்கிறது. உருண்டு திரண்ட வயிறு, அதற்குள் ததும்பும் நஞ்சு. அப்படியானால் சிலந்தி 'நஞ்சுக் கிண்ணம்'.

எந்தக் கட்சி சரி என்று தீர்ப்பதற்கு முன், தலையும் கிண்ணமும் உண்மையில் வேறு வேறு சொற்கள்தானா என்று கேட்க வேண்டும். ஜெர்மனில் தலைக்கு இன்று 'கோப்ஃப்'. அது முதலில் கிண்ணம். லத்தீன் 'குப்பா'விலிருந்து போனது. தலைக்கு அவர்கள் வைத்திருந்த பழைய சொல் 'ஹவுப்ட்'. அதை இந்தக் கிண்ணம் மெல்ல மெல்ல ஒதுக்கிவிட்டது. பிரெஞ்சில் தலைக்கு 'டெட்'. லத்தீனில் 'டெஸ்டா' என்று இருந்தபோது அதற்கு மண்பானை, பானை ஓடு என்று பொருள். மனிதர்கள் தலையைப் பார்த்துச் சட்டியை நினைக்கிறார்கள்.

இதைப் படிக்கும் தமிழர் யாருக்கும் நம் 'மண்டை' நினைவுக்கு வர வேண்டும். சங்கப் பாடல்களில் மண்டை என்பது தலை அல்ல. பாணர்கள் கள்ளும் சோறும் வாங்கி உண்ணும் வாயகன்ற பாத்திரம். அதியமான் இறந்தபோது ஒளவையார் பாடிய புறநானூற்று 235-ஆம் பாட்டில், அவன் மார்பில் பாய்ந்த வேல் 'இரும்பாணர் அகன்மண்டை'யையும் துளைத்துக்கொண்டு போயிற்று என்கிறார். அங்கே துளைபட்டது பாணர்களின் உண்கலம். அவன் போனதால் அந்தக் கலங்கள் இனி நிறையாது. இன்று அதே 'மண்டை' நமக்குத் தலை. தலையின் எலும்பை 'மண்டையோடு' என்கிறோம். அதிலுள்ள 'ஓடு' உடைந்த பானையின் துண்டுக்கும், துறவியின் கையிலிருக்கும் திருவோட்டுக்கும் உரிய சொல். லத்தீன்காரர் 'டெஸ்டா'வில் செய்ததை நாம் ஒரே சொல்லுக்குள் இரண்டு முறை செய்திருக்கிறோம். எனவே, 'கொப்பெ' தலையா கிண்ணமா என்று ஆங்கில அகராதிகள் தயங்கும்போது எனக்கு அது குழப்பமாகத் தெரிவதில்லை. தமிழ் அறிந்தவருக்கு அது 'மண்டை'. இரண்டும்தான்.

இருந்தாலும் ஒரு பக்கம் சாய்ந்தே ஆக வேண்டும் என்றால், நான் தலையின் பக்கம் சாய்வேன். டச்சு மொழியில் சிலந்திக்கு 'ஸ்பின்' என்ற பெயரோடு 'ஸ்பின்னன்காப்' என்றும் ஒரு பெயர் உண்டு. அங்கே 'காப்' என்றால் தெளிவாகத் தலை. ஆனால் எதிர்வாதம் ஒன்றையும் மறைக்கக் கூடாது. பெல்ஜியத்தில் டச்சு பேசும் மேற்கு ஃபிளாண்டர்ஸ் பகுதியின் பேச்சு வழக்கில் 'கொப்ப' என்ற சொல் தனியாகவே சிலந்தியைக் குறிக்கிறது. அதனால், 'கொப்பெ' என்பதே ஒரு காலத்தில் சிலந்தியின் பெயராக இருந்து, பிறகு அதன் முன்னால் நஞ்சு ஒட்டிக்கொண்டதோ என்றும் சிலர் கருதுகிறார்கள். அப்படியே இருந்தாலும், உருண்டையான ஒன்றைக் குறிக்கும் சொல்தான் அந்தச் சிலந்திப் பெயருக்கும் மூலமாக இருந்திருக்கும். ஆகவே பொருள் பெரிதாக மாறிவிடாது.

இலக்கணம் படித்தவர்களுக்காக ஒன்று. 'நஞ்சுத் தலை' என்று சொன்னால் அது தலையைத்தானே குறிக்கும், சிலந்தியை எப்படிக் குறிக்கும் என்று கேட்கலாம். நம் இலக்கணத்தில் இதற்கு அன்மொழித்தொகை என்று பெயரே இருக்கிறது. 'பொற்றொடி வந்தாள்' என்றால் பொன்வளையல் நடந்து வருவதில்லை, அதை அணிந்தவள் வருகிறாள். தொகையிலுள்ள இரண்டு சொல்லிலும் இல்லாத மூன்றாவது பொருள் ஒன்று வெளியே நிற்கிறது. 'ஆட்டொர்கொப்பெ' அப்படிப்பட்ட ஒரு தொகை. அதன் ஈற்றிலுள்ள எகரம்கூட வேலை செய்கிறது. 'கொப்' என்பது உச்சி. ஈற்றெழுத்தோடு சேர்ந்த 'கொப்பெ' பெண்பாற் பெயராகி, அதை உடைய உயிரைக் குறிக்கிறது.

உடற்கூறு என்ன சொல்கிறது என்றும் பார்த்தேன். சிலந்தியின் உடல் இரண்டு பகுதி. முன்பகுதியில் தலையும் மார்பும் சேர்ந்திருக்கும், பின்னால் வயிறு. வீட்டில் நாம் பார்க்கும் வகைகளில் பெரும்பாலானவற்றுக்கு நச்சுச் சுரப்பிகள் அந்த முன்பகுதியில், கண்களுக்குப் பின்னால் இருக்கின்றன. அங்கிருந்து ஒரு நுண்குழாய் வழியாக நஞ்சு கடிக்கொடுக்கின் நுனிக்கு வருகிறது. உருண்ட வயிற்றில் இருப்பது நூல் சுரப்பி, நஞ்சு அங்கே இல்லை. அந்தக் காலத்து மனிதர்கள் சிலந்தியை அறுத்துப் பார்த்துப் பெயர் வைத்திருக்க மாட்டார்கள். ஆனால் 'நஞ்சுத் தலை' என்பது உண்மையாகவே பொருந்திப்போகிறது. நச்சுச் சுரப்பியே இல்லாத ஒரு சிலந்திக் குடும்பமும் உண்டு. இரையை நூலால் இறுக்கியே கொல்லும். அதுபோன்ற மிகச் சிலவற்றை விட்டால் சிலந்தி என்றாலே நஞ்சு உண்டு; மனிதனுக்கு ஆபத்தானவைதான் மிகச் சில.

கிண்ணக் கட்சிக்காரர்களுக்காகவும் ஒன்று சொல்லத்தான் வேண்டும். ஷேக்ஸ்பியரின் 'தி வின்டர்ஸ் டேல்' நாடகத்தில், மனைவி மேல் சந்தேகம் கொண்ட அரசன் லியாண்டிஸ் ஒரு உவமை சொல்கிறான். கிண்ணத்தின் அடியில் சிலந்தி ஊறிக்கிடக்கலாம். தெரியாமல் குடித்தவனுக்கு ஒன்றும் ஆகாது. குடித்தபின் அதைக் கண்ணால் கண்டவனோ குமட்டிக் குமட்டித் துடிப்பான் என்கிறான். சிலந்தி விழுந்த பானம் நஞ்சு என்ற நம்பிக்கை 17-ஆம் நூற்றாண்டிலும் இங்கிலாந்தில் உயிரோடு இருந்தது என்பதற்கு இது சாட்சி. சொல்லின் பிறப்புக்கு இது ஆதாரம் ஆகாது; ஆனாலும் சிலந்தியையும் கிண்ணத்தையும் நஞ்சையும் ஒரே வாக்கியத்தில் பார்க்கும்போது எனக்கு 'ஆட்டொர்கொப்பெ' ஞாபகம் வராமல் இருப்பதில்லை.

'ஆடர்' விஷயத்தை இனி முடித்துவிடலாம். ஓசையில் 'அட்டர்', 'ஆடர்'. பொருளில் இரண்டும் நஞ்சு. யாருக்கும் சந்தேகம் வரும். ஆனால் அந்தப் பாம்பின் பழைய பெயர் 'நேட்ரெ'. முன்னால் ஒரு நகரம் இருந்தது. ஜெர்மனில் இன்றும் 'நாட்டர்', லத்தீனில் 'நாட்ரிக்ஸ்', எல்லாவற்றிலும் நகரம் பத்திரமாக இருக்கிறது. ஆங்கிலத்தில் 'எ நேடர்' என்று சொல்லிச் சொல்லி, கேட்டவர்கள் அதை 'அன் ஏடர்' என்று பிரித்துவிட்டார்கள். பள்ளியில் 'பிரித்து எழுதுக' பகுதியில் தவறாகப் பிரித்தால் மதிப்பெண் போகும். இங்கே ஒரு நாடே தவறாகப் பிரித்து, அதுவே சரியாகிவிட்டது. சமையலறை 'ஏப்ரன்' இப்படித்தான் நகரத்தைத் தொலைத்தது. எதிர்த் திசையிலும் நடந்திருக்கிறது. நீர்ப்பல்லி போன்ற 'நியூட்' முதலில் 'எவ்ட்'. 'அன்' என்பதிலிருந்த நகரத்தை அது பிடுங்கிக்கொண்டது. ஆகவே பாம்பும் சிலந்தியும் இடையில் வந்து ஒலியால் நெருங்கிய அயலார், உறவினர் அல்லர்.

சிலந்திக்குப் பழைய ஆங்கிலத்தில் இந்த ஒரு பெயர் மட்டும் இருந்ததாக நினைக்க வேண்டாம். 'கங்கல்வேவ்ரெ' என்று ஒன்று: நடந்துகொண்டே நெய்பவள். 'ஹுண்டா' என்று ஒன்று: வேட்டைக்காரன். வலை கட்டாமல் பாய்ந்து பிடிக்கும் வகையைப் பார்த்து வைத்த பெயராக இருக்கலாம். 'லொப்பெ' என்று இன்னொன்று. இவை எல்லாம் அந்தக் காலத்து எழுத்துகளில் பரவிக் கிடக்கின்றன. மிகச் சுவையான இடம் 'பால்டின் வைத்திய நூல்' என்று அழைக்கப்படும் 10-ஆம் நூற்றாண்டுக் கையெழுத்துப் பிரதி. இப்போது லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கிறது. 1860-களில் ஆஸ்வால்ட் காக்கெய்ன் இதை மொழிபெயர்ப்போடு அச்சிட்டார். அதில் சிலந்திக் கடிக்கு மருந்துகள் வரிசையாக வருகின்றன. 'ஹுண்டா' கடித்தால், கடிவாயின் அருகே மூன்று கீறல் போட்டு, இரத்தத்தைப் ஹேசல் மரத்தின் பச்சைக் குச்சியில் வடியவிட்டு, அந்தக் குச்சியைப் பாதைக்கு அந்தப் பக்கம் எறிந்துவிட வேண்டும், பிறகு தீங்கில்லை. நெய்யும் சிலந்தி கடித்தால், கோழி முட்டையைப் பச்சையாக ஏல் மதுவில் அடித்து, புதிய ஆட்டுப் புழுக்கையும் சேர்த்து, நோயாளிக்குத் தெரியாமல் ஒரு கிண்ணம் நிறையக் கொடுக்க வேண்டும். கழிப்புக் கழித்து முச்சந்தியில் எறியும் ஊரில் வளர்ந்த எனக்கு, நஞ்சைக் குச்சியில் ஏற்றிப் பாதை தாண்டி எறிவது அந்நியமாகத் தோன்றவில்லை. உடம்புக்குள் வந்ததை ஊருக்கு வெளியே அனுப்புகிறார்கள்.

அதே இடத்தில்தான் இன்றைய 'ஸ்பைடர்' எவ்வளவு மெலிந்த நூலில் தொங்குகிறது என்பதும் தெரிகிறது. 'ஹுண்டா' என்றால் என்ன என்று விளக்க, எழுதியவர் பக்கத்தில் ஒரு சொல் போட்டிருக்கிறார். பிரதியில் உள்ளபடி அது 'ஸ்வித்ரா'. 'அதிக வலியவன்' என்று பொருள். ஆனால் அந்தக் காலத்து வகர எழுத்தும் பகர எழுத்தும் பார்ப்பதற்குக் கிட்டத்தட்ட ஒன்றுபோல் இருக்கும். எனவே அது 'ஸ்பீத்ரா'வாக இருந்திருக்க வேண்டும் என்று காக்கெய்னும் அவருக்குப் பின் வந்த அகராதிக்காரர்களும் திருத்தி வாசித்தார்கள். இன்று உலகம் முழுவதும் புழங்கும் 'ஸ்பைடர்' பழைய ஆங்கிலத்தில் இருந்தது என்பதற்கான முக்கியச் சான்று ஓர் எழுத்தின் சுழியில் நிற்கிறது. அதே காலத்தில் 'ஆட்டொர்கொப்பெ'க்குச் சான்று தெளிவாகவே கிடைக்கிறது. 'ஸ்பீத்ரா' என்பதற்கு நூற்பவன் என்று பொருள். 'ஸ்பின்' என்ற வினையிலிருந்து வந்தது. இடையிலிருந்த னகரம் விழுந்து, உயிர் நீண்டது. ஜெர்மன் 'கான்ஸ்' ஆங்கிலத்தில் 'கூஸ்' ஆனதும், 'முண்ட்' 'மவுத்' ஆனதும் இதே வழி.

பிறகு என்ன நடந்தது? நஞ்சுப் பெயர் சில நூற்றாண்டுகள் நன்றாகவே வாழ்ந்தது. 'ஆந்தையும் நைட்டிங்கேலும்' என்ற நடுக்கால ஆங்கில வாதப் பாட்டில், ஆந்தை தன் எதிராளியான நைட்டிங்கேல் பறவையைப் பார்த்து, நீ தின்பது அட்டர்காப்பும் அழுக்கு ஈயும் புழுவும்தானே என்று இழிவாகப் பேசுகிறது. அதற்குப் பின் 'ஸ்பைடர்' மேலேறியது. லண்டன் பேச்சு எழுத்து மொழியாக நிலைபெற்றபோது 'அட்டர்காப்' வடக்கே ஒதுங்கியது. ஆனால் சாகவில்லை. வடக்கு இங்கிலாந்திலும் ஸ்காட்லாந்திலும் பேச்சில் நீண்ட காலம் இருந்தது. ஸ்காட்லாந்தில் 'எட்டர்காப்' என்று சற்று உருமாறி. அங்கே அதற்கு இன்னொரு பொருளும் சேர்ந்தது: சிடுசிடுப்பவர், நாவில் விஷம் வைத்திருப்பவர். எல்லை தாண்டி வேல்ஸ் மொழிக்கும் பாதிச் சொல் போயிருக்கிறது. வேல்ஸ்காரர்கள் சிலந்தியை 'பிரீவ் கோப்' என்பார்கள். 'பிரீவ்' என்றால் பூச்சி. நாம் 'எட்டுக்கால் பூச்சி' என்பதுபோல அவர்களுக்கு 'கோப்பு'ப் பூச்சி.

எல்லோருடைய வாயிலும் இன்றும் இருப்பது 'காப்வெப்', அதாவது ஒட்டடை. அதன் முதல் பாதி நம்முடைய 'கொப்பெ'தான். நடுக்கால ஆங்கிலத்தில் அது 'கொப்பெவெப்பெ' என்று முழுதாக இருந்தது, சிலந்தியின் நெசவு. சொல்லின் தலைப்பகுதியில் இருந்த நஞ்சு உதிர்ந்துபோக, தலை மட்டும் வலையில் மாட்டிக்கொண்டு நிற்கிறது. ஒட்டடை அடிக்கும் எந்த ஆங்கிலேயருக்கும் தம் கையில் ஒரு பழைய சிலந்தி இருப்பது தெரியாது. இன்னொரு எதிர்பாராத இடம் உணவுத் தட்டு. 'லாப்ஸ்டர்' லத்தீன் 'லோகுஸ்டா'விலிருந்து வந்தது. ஆனால் இடையில் பகரம் எப்படி நுழைந்தது என்றால், நான் மேலே சொன்ன 'லொப்பெ' என்ற சிலந்திச் சொல்லின் சாயல் பட்டிருக்கலாம் என்பது பலரின் கருத்து. நீண்ட கால்களோடு தரையில் ஊர்வதைப் பார்த்தால் நம்பத்தான் தோன்றுகிறது.

இப்போது டோல்கீனிடம் வருவோம். 'தி ஹாபிட்' 1937-இல் வந்தது. அப்போது அவர் ஆக்ஸ்ஃபோர்டில் ஆங்கிலோ-சாக்சன் பேராசிரியர். மேலே சொன்ன பேயோவுல்ஃப் அவருடைய அன்றாடப் பாடம். அதற்கு முன் 1920 முதல் 1925 வரை வடக்கே லீட்ஸில் கற்பித்தார். 1928-இல் ஹட்டர்ஸ்ஃபீல்ட் வட்டார வழக்கு அகராதி ஒன்றுக்கு முன்னுரையும் எழுதினார். ஏட்டில் இருந்த பழஞ்சொல்லையும் வடக்கு இங்கிலாந்துப் பேச்சையும் ஒருசேர அறிந்தவர். பில்போவின் பாட்டுகளை மறுபடி எடுத்துப் பாருங்கள். 'அட்டர்காப்' மட்டும் அல்ல, 'லாப்', 'காப்' என்றும் சிலந்திகளைக் கூப்பிடுகிறான். 'லாப்' நம் 'லொப்பெ', 'காப்' நம் 'கொப்பெ'. மூன்றும் அழிந்துபோன சிலந்திப் பெயர்கள். பின்னாளில் அவர் படைத்த பெண் சிலந்தி 'ஷீலாப்', 'அவள்' என்ற சொல்லோடு 'லாப்' சேர்ந்தது.

சிலந்திகளுக்குக் கோபம் வந்த காரணமும் இப்போது புரியும். அந்தக் கதையிலேயே, தன்னை அட்டர்காப் என்று அழைப்பது எந்தச் சிலந்திக்கும் பிடித்ததில்லை என்று சொல்கிறார் ஆசிரியர். 'ஸ்பைடர்' என்றால் நூற்பவன். தொழிலைச் சொல்லும் பெயர், அதில் அவமானம் இல்லை. 'அட்டர்காப்' மனிதன் தன் பயத்திலிருந்து வைத்த பெயர். வடக்கே அது மனிதர்களையே திட்டும் சொல்லாகவும் இருந்தது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சிலந்தியை அதன் பெயரால் பில்போ அழைக்கவில்லை, திட்டிக் கூப்பிடுகிறான்.

மகளுக்குத் தமிழில் சொல்வதற்கு 'சிலந்தியே' போதாது, அதில் திட்டு இல்லை. 'விஷப்பூச்சி' என்று நீங்கள் யோசித்ததாக எழுதியிருந்தீர்கள். அது மோசமில்லை, ஆனால் தேள், பூரான் எல்லாவற்றுக்கும் பொருந்திவிடும். என் பரிந்துரை 'நச்சுமண்டை'. நஞ்சு இன்னொரு சொல்லோடு சேரும்போது 'நச்சு' ஆவது நம் வழக்கம்: நச்சுப்பாம்பு, நச்சுச்செடி. மண்டையில் தலையும் இருக்கிறது, ஒளவையார் காலத்துக் கிண்ணமும் இருக்கிறது. ஆங்கில அறிஞர்களின் இரண்டு கட்சியும் ஒரே சொல்லில் அடங்கிவிடும். 'நச்சுமண்டை துரத்தி வந்தது' என்றால் சிலந்தி முழுதாக வரும், அன்மொழித்தொகையும் கெடாது. எல்லாவற்றையும் விட, மண்டை என்று முடிகிற எந்தச் சொல்லும் தமிழில் திட்டாகவே கேட்கும். ஒளிந்து நின்று கல்லெறிந்துகொண்டே 'ஏய் நச்சுமண்டை, என்னைப் பிடி பார்க்கலாம்' என்று நீங்கள் குரலை மாற்றிப் படித்தால், அந்தச் சிலந்திகள் தாங்கள் பிடித்து வைத்திருந்த, பில்போவின் கூட்டாளிகளான குள்ளர்களை விட்டுவிட்டு ஏன் பில்போவின் குரல் வந்த திசைக்கு ஓடின என்று அவளே சொல்லிவிடுவாள்.